திரை இருண்டால் பழுது எங்கே?

கேள்வி: 2008-இல் வாங்கிய என் லேப்டாப்பில் ஒரு நொடி படம் தெரிந்து, உடனே திரை இருண்டுவிடுகிறது. திரையையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். சரிதானா?

பதில்: அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். இருண்ட திரையின் மீது டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால், படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னொளி மட்டுமே அணைந்திருக்கிறது என்று பொருள். அக்காலத் திரைகள் பலவற்றில் பின்னொளி தருவது எல்.இ.டி. அன்று, மெல்லிய குழல்விளக்கு. அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் இன்வெர்ட்டர் பலகையைத் தனியாகவே மாற்றலாம், செலவும் குறைவு. அணையும் முன் திரை செந்நிறமாகத் தெரிந்தால் என் சந்தேகம் குழல்விளக்கின் மீதே விழும். மூடியை அசைக்கும்போது ஒளி விட்டுவிட்டு வந்தால் கீல் வழியே செல்லும் கேபிளைச் சோதிக்கச் சொல்லுங்கள். டார்ச்சிலும் எதுவும் தெரியாவிட்டால் வெளி மானிட்டரை இணையுங்கள். அதிலும் படம் வராதபோதுதான் ராம் (நினைவகம்), மதர்போர்டு (முதன்மைச் சுற்றுப்பலகை) பற்றிய பேச்சுக்கே இடமுண்டு.