தொடை வலிக்கு மாத்திரை போட்டுவிட்டு மரதன் ஓடலாமா?

கேள்வி: நுவரெலியாவில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 29. இன்னும் ஏழு வாரத்தில் கொழும்பில் என் முதல் மரதன். போன ஞாயிறு நானுஓயா தாண்டிக் கீழே இறங்கி ஓடினேன். அதற்குப் பிறகு மூன்று நாள் படி இறங்க முடியாத அளவுக்குத் தொடை வலித்தது. ஜிம் மாஸ்டர் வலி மாத்திரையும் ஒரு பொடியும் தந்து, ஓடுவதற்கு முதல் போடச் சொல்கிறார். போடலாமா? மலையில் ஓடியவர்களுக்குக் கொழும்பு லேசு என்கிறார்களே, உண்மையா?

பதில்: மாத்திரையைப் போடாதீர்கள், மகள். பொடியைக் குப்பையில் கொட்டுங்கள். மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம்.

உங்களுக்குப் படி இறங்கத்தானே வலித்தது? காரணம் அதிலேயே இருக்கிறது. ரம்பொடை வளைவுகளில் இறங்கும் லொறி பிரேக்கை மிதித்தபடியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். இறக்கத்தில் ஓடும்போது முன்தொடைத் தசைக்கும் அதே வேலைதான். இழுபட்டுக்கொண்டே உடலைத் தாங்கிப் பிடிக்கிறது, அதில் நுண்ணிய காயம் விழுகிறது. இரண்டாம் நாள்தான் வலி உச்சம், சில நாளில் தானே போய்விடும். அடுத்த முறை அதே இறக்கம் இவ்வளவு வலிக்காது. அதனால் வாரம் ஒரு முறை கொஞ்சமாக இறங்கி ஓடுங்கள், போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நிறுத்துங்கள். கொழும்பு ரோடு தட்டை. நீண்ட ஓட்டத்தை கிரகரி வாவிக் கரையில் சுற்றிச் சுற்றி ஓடுங்கள், சலிப்பாக இருந்தாலும். 30 கிலோமீற்றர் வரை ஒரு தடவை ஓடிவிட்டால் போதும்.

இனி மாத்திரை. ஜிம்களில் கைமாறுவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது ஐபியூபுரோஃபன். நான்கு ஐந்து மணி நேரம் வியர்த்து ஓடும் உடலில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் ஏற்கனவே குறைந்திருக்கும். இந்த மருந்துகள் அதை இன்னும் குறைக்கும். வலியும் தெரியாது. எலும்பில் வெடிப்பு விழுந்திருந்தாலும் அதன்மேலேயே ஓடுவீர்கள். வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டு கேட்காமல், பெயர்கூட எழுதாத வெள்ளைக் கவரில் எண்ணிப் போட்டுத் தரும் கடைகளை யார் கேட்கிறார்கள்? தோட்டத்து டிஸ்பென்சரியில் ஓட்டக்காரரின் காலைத் தொட்டுப் பார்க்க ஆள் இல்லை. அந்த இடத்தில்தான் மாஸ்டர்மார் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். பொடி விற்பதில் அவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். லேபல் இல்லாத பொடியில் ஊக்கமருந்தும் இருக்கலாம், ஸ்டீரொய்டும் இருக்கலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அஸ்பிரினும் இதே வகை மருந்துதான். இதயத்துக்காக வைத்தியர் தினமும் சிறிய அளவு அஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்தக் கூடாது. உங்களுக்கு 29 வயது, அநேகமாக இது உங்களுக்கு இல்லை. ஆனால் இதைப் படிக்கும் யாராவது ஒரு மாமா நாளைக்கே நிறுத்திவிடுவார், எனக்குத் தெரியும். வைத்தியர் எழுதியதை வைத்தியர்தான் நிறுத்த வேண்டும். மாமா, நீங்கள் மரதன் ஓடுவதாக இருந்தால் முதலில் அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஓட்டத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் இந்த வலி மாத்திரைகளை நினைக்கவே வேண்டாம். கொழும்பில் டெங்கு இருக்கிறது. டெங்குவில் இவை இரத்தக்கசிவை வரவழைக்கலாம். சிறுநீர் பிளேன்டி (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனால் வீட்டுக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மலை விடயத்துக்கு வருவோம். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். கீழே இறங்கியதும் மூச்சு கொஞ்சம் லேசாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இலாபத்தை கொழும்பின் புழுக்கம் முதல் ஒரு மணி நேரத்திலேயே வாங்கிவிடும். வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. நாம் குளிரில் பழகியவர்கள். உடம்பு வெக்கைக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும்.

பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடிய 'மரதனை' நினைத்து ஏமாறாதீர்கள். பயிற்சியே இல்லாத பிள்ளைகளை ஐந்தாறு கிலோமீற்றர் விரட்டிவிட்டு அதற்கு மரதன் என்று பெயர் வைக்கிறோம். நிஜ மரதன் 42.195 கிலோமீற்றர்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் முன்னதாகவே போய்த் தங்குங்கள். அதிபர் பத்து நாள் லீவு தரமாட்டார், தெரியும். அப்படியானால் கடைசி இரண்டு வாரம் பகல் வெயிலில், ஜேர்சி ஒன்று கூடுதலாகப் போட்டு, அரை மணி நேரம் மெதுவாக ஓடுங்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள். போட்டியன்று தாகத்துக்குக் குடியுங்கள், மேசை மேசையாக நின்று பச்சைத் தண்ணீரை வயிறு நிறையக் குடிக்காதீர்கள். உப்புக் குறைந்து மயங்கி விழுவது அப்படித்தான். ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனிப் பொடி, நல்லது, பாக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில் கரைத்தால். முதல் 10 கிலோமீற்றரை, பக்கத்தில் ஓடுகிறவரோடு கதைத்துக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் ஓடுங்கள்.