ஒரே நாளில் ரயிலில் ஆக்ரா: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. பொங்கல் விடுமுறையில், ஜனவரி நடுவில், புதன் முதல் சனி வரை குடும்பத்துடன் டெல்லியில் தங்கப்போகிறார். அப்பாவுக்கு 72 வயது. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு நாள் ரயிலில் ஆக்ராவுக்குப் போய்வர வழிகாட்டியுடன் கூடிய பேக்கேஜ் ஒன்றை முகவர் காட்டியிருக்கிறார். தாஜ்மகால், ஆக்ரா கோட்டை, இதிமத்-உத்-தௌலா கல்லறை, ஃபத்தேபூர் சிக்ரி ஆகிய நான்கும் அதில் அடங்கும். "வியாழனா, வெள்ளியா? விடியற்காலை ரயிலா, அடுத்த ரயிலா? பெற்றோரால் இது முடியுமா?" என்று கேட்கிறார்.

முதலில் கிழமையை முடிவு செய்துவிடலாம். வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகால் பார்வையாளர்களுக்குத் திறக்கப்படுவதில்லை. அன்று நண்பகலுக்குப் பின் தொழுகைக்கு வருவோருக்கு மட்டுமே அனுமதி. ஆக்ராவுக்குச் செல்லும் அதிவேக ரயிலான கதிமான் எக்ஸ்பிரஸும் வெள்ளியன்று ஓடாது. சனிக்கிழமை கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதோடு, நீங்கள் ஊர் திரும்பும் நாளும் அதுவே. ஆகவே வியாழன்தான் உங்களுக்குரிய நாள். முகவர் வெள்ளியைப் பரிந்துரைத்திருந்தால், அவருடைய மற்ற வாக்குறுதிகளையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரயில். ஒரு நாள் பயணிகள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பவை இரண்டு. புது டெல்லி நிலையத்திலிருந்து காலை 6 மணிக்குப் புறப்படும் போபால் சதாப்தி எட்டு மணிக்குள் ஆக்ரா கண்டோன்மென்ட்டை அடையும். 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்டு, மணிக்கு 160 கிலோமீட்டர் வரை செல்லும் கதிமான், ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலை 8.10 அளவில் கிளம்பி, 188 கிலோமீட்டரை ஏறத்தாழ 100 நிமிடங்களில் கடந்து, பத்து மணிக்குச் சற்று முன் அதே கண்டோன்மென்ட் நிலையத்தில் நிற்கும். மாலையில் ஆறு மணிக்குச் சற்று முன் ஆக்ராவிலிருந்து கிளம்பும் கதிமான் இரவு ஏழரை மணியளவில் உங்களை டெல்லியில் சேர்த்துவிடும். சதாப்தியில் திரும்புவதென்றால் இரவு ஒன்பது மணி வரை ஆக்ராவில் காத்திருந்து, நள்ளிரவை ஒட்டித்தான் டெல்லி சேர முடியும்.

மார்ச்சிலோ அக்டோபரிலோ நீங்கள் கேட்டிருந்தால், கூட்டமும் வெயிலும் ஏறுவதற்கு முன் தாஜைப் பார்த்துவிடலாம் என்பதால், காலையில் சதாப்தியில் போய் மாலையில் கதிமானில் திரும்பச் சொல்லியிருப்பேன். ஜனவரியில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். யமுனைக் கரையில் படியும் பனிமூட்டம் விடியற்காலையில் தாஜை முழுமையாக மறைத்துவிடக்கூடும், நூறடி தொலைவில் நின்றுகொண்டு "எங்கே இருக்கிறது?" என்று தேடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பல நாட்களில் மூட்டம் விலகி வெயில் எட்டிப்பார்க்கவே பதினொன்று, பன்னிரண்டு மணி ஆகிவிடும். எனவே உங்கள் பெற்றோரைக் கடுங்குளிரில் நாலரை மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. போக, வர இரண்டுக்கும் கதிமானே போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கதிமான் புறப்படுவது நிஜாமுதீனிலிருந்து. பழக்கத்தில் புது டெல்லி நிலையத்துக்குப் போய் ரயிலைத் தவறவிடுவோர் உண்டு. முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. பொங்கல் வாரம் என்பதால் அது தொடங்கிய நாளிலேயே எடுத்துவிடுவது நல்லது. பனிமூட்டத்தால் திரும்பும் ரயில் தாமதமாகவும் கூடும் என்பதால், அன்றிரவு விமானம், விருந்து என எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி அந்த நான்கு இடங்கள். பத்து மணிக்கு இறங்கி ஆறு மணிக்கு முன் ரயில் ஏற வேண்டுமென்றால் கையில் இருப்பது எட்டு மணி நேரம். நிலையத்தில் கழியும் நேரத்தைத் தள்ளினால் ஏழு. சிக்ரி ஆக்ராவுக்கு மேற்கே சுமார் 37 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு, அங்கே நடந்து பார்க்க இரண்டு மணி நேரம் என்று வைத்தால் நாலரை மணி நேரம் அதற்கே போய்விடும். மீதமுள்ள இரண்டரை மணி நேரத்தில் சாப்பாடு, பாதுகாப்புச் சோதனை, கோட்டை, தாஜ் எல்லாம் அடங்க வேண்டும் என்றால், எதையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது. 1571-இல் அக்பர் எழுப்பத் தொடங்கி, பதினான்கு ஆண்டுகளிலேயே விட்டு நீங்கிய அந்த நகரம் தனியாக ஒரு நாள் தந்து பார்க்க வேண்டியது. திறந்த கல்முற்றங்களும் புலந்த் தர்வாசா என்ற பெருவாயிலின் உயரமான படிகளும் உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு ஏற்றவையும் அல்ல. சிக்ரியை இந்தப் பயணத்தில் தயக்கமின்றி விட்டுவிடுங்கள். பேக்கேஜிலிருந்து அதை நீக்கிக் கட்டணத்தையும் அதற்கேற்பக் குறைக்கும்படி முகவரிடம் கேளுங்கள்.

மிச்சமுள்ள மூன்றையும் எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் இந்தப் பதிலில் நான் மிக முக்கியமாகக் கருதுவது. பெரும்பாலான வண்டிகள் நிலையத்திலிருந்து நேரே தாஜுக்கே போகின்றன. நீங்கள் கோட்டையில் தொடங்கி, தாஜில் முடியுங்கள். பனிமூட்டம் ஒரு காரணம். அந்தக் கட்டடங்கள் எழுந்த வரிசையும் ஏறக்குறைய அதுவே என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஆக்ரா கோட்டையை அக்பர் 1565-இல் கட்டத் தொடங்கினார். எட்டு ஆண்டுகளில் அதன் செம்மணற்கல் மதில்கள் எழுந்தன. அமர்சிங் வாயில் வழியே உள்ளே போனதும் கல் பாவிய சரிவான பாதை ஒன்று வரும். அம்மாவை அவசரப்படுத்தாமல் அதில் மெல்ல நடத்தி அழைத்துச் செல்லுங்கள். அதைக் கடந்துவிட்டால் உள்ளே பெரும்பாலும் சமதளம்தான். கோட்டையின் பெரும்பகுதி ராணுவத்தின் வசம் இருப்பதால், பார்க்கக் கிடைப்பது ஒரு பகுதி மட்டுமே. ஒன்றரை மணி நேரம் அதற்குப் போதும். அக்பர் கட்டிய ஜஹாங்கீரி மகாலில் செங்கல்நிற மணற்கல்லை மரத்தைப்போல் செதுக்கித் தாங்குகட்டைகள் அமைத்திருப்பதை முதலில் பார்த்துவிட்டு, சில அடிகள் தள்ளி ஷாஜஹான் கட்டிய வெண்பளிங்குக் காஸ் மகாலுக்குள் நுழையுங்கள். தாத்தாவின் ரசனையிலிருந்து பேரனின் ரசனைக்கு ஒரு வம்சம் நகர்ந்ததை உங்கள் மகள்கூட யாரும் விளக்காமலே கண்டுகொள்வாள்.

1658-இல் மகன் ஔரங்கசீப்பால் சிறைவைக்கப்பட்ட ஷாஜஹான், 1666 ஜனவரியில் இறக்கும்வரை இந்தக் கோட்டையில்தான் இருந்தார். மகள் ஜஹனாரா உடனிருந்து கவனித்துக்கொண்டார். எண்கோண மாடமான முசம்மன் புர்ஜை ஒட்டிய பகுதியிலிருந்து பார்த்தால் ஆற்றின் வளைவுக்கு அப்பால் தாஜ் தெரியும். மூட்டமான நாளில் வெறும் நிழலாகத் தெரிந்தாலும் அங்கே சில நிமிடங்கள் நில்லுங்கள். தாஜை முதல் முறையாக அந்தக் கைதியின் இடத்திலிருந்து பார்த்தவருக்கு, பிற்பகலில் அதன் வாயிலைக் கடந்து உள்ளே நுழையும்போது அது வேறொரு கட்டடமாகத் தெரியும்.

யமுனையின் மறுகரையில் உள்ள இதிமத்-உத்-தௌலா சிறியது. முக்கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். 1622-க்கும் 1628-க்கும் இடையே, ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான் தன் தந்தை மிர்சா கியாஸ் பேக்கிற்காகக் கட்டிய கல்லறை இது. 'பேபி தாஜ்' என்று சொல்லி வழிகாட்டிகள் இதைச் சுருக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தாஜுக்கு முன்பே வெண்பளிங்கு முழுவதும் வண்ணக்கற்களைப் பதித்து இழைத்த 'பர்ச்சின் காரி' வேலை நிறைந்து நிற்பது இங்கேதான். அதிலும், இங்கே உறங்குபவர் மும்தாஜின் சொந்தத் தாத்தா. கோட்டையிலிருந்து வெளியே வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டாமல் இருந்தால் அவசியம் போங்கள். ரயில் தாமதமாகி மணி பன்னிரண்டரை ஆகியிருந்தால், வருத்தம் இருந்தாலும் இதையும் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுங்கள்.

தாஜின் வாயிலுக்கு இரண்டு மணிக்குள் வந்துவிட வேண்டும். கிழக்கு வாயிலைத் தேர்ந்தெடுங்கள். மாசு தடுப்புக்காகப் பெட்ரோல், டீசல் வண்டிகளை அருகில் விடுவதில்லை. ஷில்ப்கிராம் நிறுத்துமிடத்தில் இறங்கி பேட்டரி வண்டியில் வாயில்வரை போகலாம். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி தேவைப்படும் என்றால், வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். இந்தியர்களுக்கு நுழைவுக்கட்டணம் 50 ரூபாய். பளிங்கு மேடையேறிக் கல்லறைக்குள் போவதற்குத் தனியாக 200 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட உங்கள் மகளுக்குக் கட்டணம் இல்லை. சீட்டு மூன்று மணி நேரத்துக்குச் செல்லும். தின்பண்டம், புகையிலை, தீப்பெட்டி, பெரிய பை, கேமரா முக்காலி ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. எல்லாவற்றையும் வண்டியிலேயே விட்டுவிட்டு, தண்ணீர்ப் புட்டி, கைப்பேசி, பெற்றோரின் மாத்திரை ஆகியவற்றை மட்டும் எடுத்துச்சென்றால் சோதனை வரிசை விரைவாக நகரும்.

பெரிய வாயிலிலிருந்து கல்லறை வரை சுமார் முந்நூறு மீட்டர் நீளமுள்ள தோட்டம். நடுவே உயர்த்திக் கட்டிய தடாகத்தருகே கல் இருக்கைகள் இருக்கின்றன. அம்மாவுக்கு வலி கூடினால் அங்கேயே அமர்ந்து பார்க்கட்டும். தாஜின் முழு அழகும் அந்தத் தொலைவிலிருந்துதான் கண்ணுக்குள் அடங்கும். மேடைக்கான 200 ரூபாய்ச் சீட்டை முன்கூட்டியே எல்லோருக்கும் சேர்த்து வாங்காமல், அவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். கல்லறைக்குள் படம் எடுக்கக்கூடாது, பேச்சும் எதிரொலித்துக் குழம்பும் என்பதால், உள்ளே காண வேண்டியவற்றை வழிகாட்டி வெளியிலேயே விளக்கிவிட வேண்டும். மகளிடம் ஒரு புதிர் போடுங்கள்: எல்லாமே இடவலம் ஒத்து அமைந்த இந்தக் கட்டடத்தில் ஒத்துவராத ஒன்று எது? மும்தாஜின் கல்லறைப் பேழை நட்டநடுவில் இருக்க, அதன் பக்கத்தில் பின்னாளில் வைக்கப்பட்ட ஷாஜஹானின் பேழைதான் விடை. இருவரும் உண்மையில் புதைக்கப்பட்டிருப்பது அதற்குக் கீழே உள்ள நிலவறையில்.

வழிகாட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அன்றைய நாள் அவர் கையில்தான் இருக்கிறது. அரசு உரிமம் பெற்றவர்களிடம் படத்துடன் கூடிய அடையாள அட்டை இருக்கும். நிலையத்தில் சந்தித்த உடனே அதைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. தமிழில் பேசுபவர் வருவார் என்று முகவர் சொன்னால் அதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பேசுபவர் வந்தால், சிறு சிறு பகுதிகளாக நிறுத்திச் சொல்லும்படியும், பெற்றோருக்கு நீங்கள் தமிழில் எடுத்துச்சொல்ல இடைவெளி தரும்படியும் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தாஜைக் கட்டிய சிற்பிகளின் கைகள் வெட்டப்பட்டன என்ற கதையை அவர் சொன்னால், மகளுக்குத் திருத்திச் சொல்லுங்கள். அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. கலைஞர்களை அந்த அரசு எப்படி மதித்தது என்பதற்குச் சான்று கட்டடத்திலேயே இருக்கிறது: குர்ஆன் வசனங்களை எழுத்தணியாக வரைந்த அமானத் கான், தன் பெயரையே கல்லில் பொறித்துவைக்க அனுமதிக்கப்பட்டார். எதிர்க்கரையில் கறுப்புத் தாஜ் எழவிருந்தது என்பதும் அப்படிப்பட்ட கதைதான். அங்கே மெஹ்தாப் தோட்டத்தில் 1990-களில் அகழ்ந்து பார்த்தபோது அப்படியொரு கட்டடத்தின் அடித்தளம் எதுவும் கிடைக்கவில்லை.

கடை நிறுத்தங்களையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். "பளிங்கு வேலை செய்வதைக் காட்டுகிறேன், பத்து நிமிடம்தான்" என்று அழைத்துப்போவது ஆக்ராவில் வழக்கம். விற்பனையில் பங்கு கிடைப்பதால் அது பத்து நிமிடத்தில் முடிவதில்லை. நான் முதன்முதலில் ஒரு குடும்பத்தை அழைத்துச்சென்றபோது அப்படி ஐம்பது நிமிடங்களை இழந்தோம்; அந்த வீட்டுப் பாட்டி மேடையேறாமலே திரும்ப வேண்டியதாயிற்று. அந்த ஐம்பது நிமிடங்கள் இன்றும் என்னை உறுத்துகின்றன. 'கடை நிறுத்தம் இல்லை' என்ற வரி பேக்கேஜ் ஒப்புதலில் இருக்கட்டும். அதோடு ரயில் வகுப்பு, மூன்று இடங்களின் நுழைவுக்கட்டணம், மேடைச் சீட்டு, பேட்டரி வண்டி, மதிய உணவு ஆகியவற்றில் எவை சேர்ந்தவை, எவை தனி என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெண்பூசணியில் செய்யும் ஆக்ராவின் பேட்டா இனிப்பை வாங்க விரும்பினால், நிலையத்துக்குப் போகும் வழியில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தினால் போதும்.

தாஜ் சூரியன் மறைவதற்கு அரைமணி நேரம் முன்பு மூடப்படும். நீங்கள் அதுவரை இருக்க முடியாது. நாலரை மணிக்குப் பெரிய வாயிலை நோக்கித் திரும்பிவிடுங்கள். ஜனவரியில் அந்த நேரத்து வெயில் பளிங்கின் மேற்குப் பக்கத்தில் சாய்வாக விழும். திரும்பி நடக்கும்போது ஓரிரு முறை நின்று பார்க்க நேரம் இருக்கும். பேட்டரி வண்டிக்கான காத்திருப்பையும் மாலை நேர நெரிசலையும் சேர்த்தாலும் ஐந்தேகாலுக்குள் கண்டோன்மென்ட் நிலையத்தை அடைந்துவிடலாம். ஆக்ராவில் கோட்டை நிலையம், ராஜா கி மண்டி என்று வேறு நிலையங்களும் இருப்பதால், ஓட்டுநரிடம் 'கண்டோன்மென்ட்' என்று பெயரைச் சொல்லியே கிளம்புங்கள். அம்மாவின் கம்பளிச் சால்வையைப் பெட்டிக்குள் வைக்காமல் கையிலேயே வைத்திருங்கள். ரயில் தாமதமானால் நடைமேடையில் குளிர் கடுமையாக இருக்கும்.