மாத்திரை டப்பாவை ஏன் எடுத்தீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 34. மூலக்கூறு உயிரியல் ஆய்வாளன். வேலை வெளியூரில் என்பதால் வருடத்துக்கு இரண்டு முறைதான் வீட்டுக்குப் போகிறேன். அப்பாவுக்கு 71. அம்மா காலமாகிவிட்டார், அப்பா தனியாக இருக்கிறார். தீவிர பக்தர். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் பிரார்த்தனை. ரத்த அழுத்த மாத்திரை டப்பாவைக்கூடப் பிரார்த்தனை மாடத்தில்தான் வைத்திருந்தார், கும்பிட்டுவிட்டுத்தான் வாயில் போடுவார். போன முறை நான் அதை எடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்தேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பிரார்த்தனையால் நோயாளிக்குப் பலன் இல்லை என்று காட்டிய 2006 ஆய்வை அச்செடுத்துக் கொடுத்தேன். படிக்காமல் மடித்து வைத்துவிட்டார். கலீலியோவை மதம் என்ன செய்தது என்று தெரிந்த, படித்த மனிதர் இப்படி இருக்கலாமா? அறிவியலும் மத நம்பிக்கையும் ஒரே வீட்டில் இருக்க முடியுமா? இதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்:

தம்பி, நீங்கள் எழுதியது நான்கு பக்கம். நான் சுருக்கியிருக்கிறேன். அப்பா எந்த மதம் என்பதையும் எடுத்துவிட்டேன், பதில் சொல்ல அது எனக்குத் தேவைப்படவில்லை. இந்தக் கடிதம் எல்லா மதத்து வீடுகளிலிருந்தும் வருகிறது. எதிர்த்திசையிலிருந்தும் வருகிறது: "படிக்கப் போன பிள்ளை கடவுளை விட்டுவிட்டான், எப்படித் திருப்புவது?" இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கையெழுத்து மட்டும்தான் வேறு.

"அவர் பழைய தலைமுறை, விட்டுப்பிடியுங்கள், போகப் போகச் சரியாகும்" என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள். நான்கு பக்கத்தில் என் கண் நின்றது ஒரே ஒரு வரியில். அந்த மாத்திரை டப்பா.

அது ஏன் மாடத்தில் இருந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? 71 வயது மனிதர். தனி வீடு. "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்க இருந்தவர் போய்விட்டார். ரத்த அழுத்தமோ வலிக்காத நோய். பல்வலிக்காரருக்கு யாரும் மாத்திரையை நினைவுபடுத்த வேண்டாம், வலியே நினைவுபடுத்தும். இது அப்படியல்ல. ஒரு தொந்தரவும் தராமல் வருடக்கணக்கில் இருந்துவிட்டு மூளையிலோ இதயத்திலோ சிறுநீரகத்திலோ ஒருநாள் கைவைக்கும். நீண்டகால நோய்களுக்கு மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003 அறிக்கையில் சொன்னது. அதுவும் வளர்ந்த நாடுகளின் கணக்கு. மருந்து கண்டுபிடிப்பதில் இவ்வளவு தூரம் வந்த மருத்துவம், அதை ஒருவரைத் தினமும் விழுங்கவைப்பதில் இன்னும் திணறுகிறது.

மருத்துவர்கள் இதற்குச் சொல்லும் எளிய வழி, தினமும் தவறாமல் செய்யும் ஏதாவது ஒரு காரியத்தோடு மாத்திரையை முடிச்சுப்போடுவது. பல் தேய்ப்பதோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். உங்கள் அப்பாவின் வாழ்க்கையில் தவறாத காரியம் எது? உங்களுக்கே தெரியும், அதைப் புகாராக எழுதியிருக்கிறீர்கள். அவர் யாரும் சொல்லாமலே அந்த முடிச்சைப் போட்டுவைத்திருந்தார். அதை நீங்கள் அவிழ்த்தீர்கள்.

அறிவியலும் நம்பிக்கையும் ஒரே வீட்டில் இருக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். ஒரு சாண் அகல மாடத்தில் இரண்டும் இருந்தன, ஐயா. கும்பிட்டால் போதும் என்று மாத்திரையை அவர் விடவில்லை. மாத்திரை இருக்கிறதே என்று கும்பிடுவதையும் விடவில்லை. அங்கே சண்டை எதுவும் இல்லை, நீங்கள் பெட்டியோடு வந்து இறங்கும் வரை.

சரி, டப்பா சமையலறைக்குப் போனது. அதற்குப் பிறகு அவர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா? நான்கு பக்கத்தையும் இரண்டு தடவை தேடிவிட்டேன், ஒரு வார்த்தை இல்லை. உங்களோடு பேசாத ஒரு நாள் கணக்கில் இருக்கிறது. அவர் ரத்த அழுத்தம் இப்போது எவ்வளவு என்பது இல்லை. உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஒன்றில் ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு, முன்பும் அளக்காமல் பின்பும் அளக்காமல் ஊருக்குப் போனால் என்ன சொல்வீர்கள்? அதை அப்பாவின் உடம்பில் செய்திருக்கிறீர்கள். செய்த கையோடு, அறிவியல் மனப்பான்மை இல்லாதவர் அவர் என்று எனக்குக் கடிதம் வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்தை வெப்பமும் ஈரமும் படாத இடத்தில் வைக்க வேண்டும் என்று உறையிலேயே போட்டிருப்பார்கள். அடுப்பும் ஆவியும் உள்ள சமையலறை அதற்கு நல்ல இடமில்லை. மாடத்தில் விளக்கு எரிகிறது, சூடு படும், கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அது அறிவியல். அவரும் கேட்டிருப்பார். நீங்கள் எடுத்தது சூட்டுக்காக இல்லை. அது அங்கே இருப்பது உங்கள் கண்ணை உறுத்தியது, அதற்காக.

அந்த 2006 ஆய்வு எனக்கும் தெரியும். நல்ல ஆய்வுதான். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில், இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்துச் செய்தது. முன்பின் தெரியாதவர்களிடம் நோயாளியின் பெயரையும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும் கொடுத்து வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். பலன் எதுவும் தெரியவில்லை. தனக்காக வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்த குழுவில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, வேண்டுகிறார்களா இல்லையா என்று தெரியாத, ஆனால் வேண்டுதல் நடந்த குழுவில் 52 சதவீதம். பிரார்த்தனையை மருந்தாக நினைப்பவரிடம் இதைக் கட்டாயம் காட்டுங்கள். உங்கள் அப்பா அதை மருந்தாக நினைக்கவில்லையே, மருந்தை மருந்தாகத்தானே விழுங்கினார்? அவர் சொல்லாத ஒன்றை மறுக்க அச்செடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். அம்மா இல்லாத வீட்டில் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் அவர் யாருக்காக வேண்டுகிறார் என்று கேட்டதுண்டா? அதை அந்த ஆய்வு அளக்கவில்லை. நீங்களாவது கேட்டிருக்கலாம்.

கலீலியோவுக்கு வருவோம். அவருக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633இல் திருச்சபை தண்டித்தது, 1642இல் சாகும்வரை வீட்டுக்காவல். மதத்துக்கு அதிகாரம் கிடைத்தால் என்ன செய்யும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் தண்டனையின் ஒரு பகுதி பலருக்குத் தெரியாது: மூன்று வருடம், வாரம் ஒருமுறை பைபிளின் ஏழு பாவமன்னிப்புச் சங்கீதங்களை அவர் ஓத வேண்டும். கன்னியாஸ்திரியாக இருந்த அவர் மகள் மரியா செலஸ்தே அந்தச் சுமையைத் தான் ஏற்றுக்கொண்டு அப்பாவுக்காக ஓதினாள். அப்பாவைத் தண்டித்த அதே திருச்சபையைச் சேர்ந்தவள்தான். பூமி சுற்றுகிறதா இல்லையா என்று முடிவாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவள் காத்திருக்கவில்லை. அடுத்த வருடமே இறந்துபோனாள்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமாக ஒருவரைச் சொல்கிறேன். கோள்களின் பாதை நீள்வட்டம் என்று சொன்ன கெப்ளர். 1615இல் அவருடைய வயதான அம்மா கத்தரீனாவைச் சூனியக்காரி என்று ஊரார் குற்றம்சாட்டினார்கள். 1620இல் சிறை, சங்கிலி. கெப்ளர் அரசவைக் கணிதர். என் பெயர் கெட்டுவிடும் என்று ஒதுங்கியிருக்கலாம். வேலையைப் போட்டுவிட்டு, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு, அம்மாவுக்காக வாதாடப் போனார். யாருக்கு எந்த நோய் எந்த இயற்கையான காரணத்தால் வந்திருக்கலாம் என்று குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தார். 14 மாதச் சிறைக்குப் பிறகு 1621இல் அம்மா வெளியே வந்தார். அறிவு அங்கே எதற்குப் பயன்பட்டது பாருங்கள், பெற்றவளின் உயிரைக் காக்க. இத்தனைக்கும் கெப்ளர் கடைசிவரை கடவுளை நம்பியவர், தன் சபையே தனக்கு நற்கருணை (வழிபாட்டில் தரும் புனித அப்பம்) மறுத்த பிறகும்கூட. உங்கள் அறிவை நீங்கள் பெற்றவரிடமிருந்து ஒரு டப்பாவைப் பிடுங்கப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

நம்பிக்கை உள்ள விஞ்ஞானிகள் பட்டியலை நான் ஒப்பிக்கப்போவதில்லை. மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் துறவி என்பது உங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். இது போதும்: 1979இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அப்துஸ் சலாம் உருக்கமான இறைநம்பிக்கையாளர், ஸ்டீவன் வைன்பெர்க் வெளிப்படையான நாத்திகர். இருவரும் தனித்தனியாக ஒரே கோட்பாட்டுக்கு வந்தார்கள். யார் எதை நம்புகிறார்கள் என்று சமன்பாடு கேட்கவில்லை. உங்கள் பெரிய கேள்விக்கு என்னிடம் இதற்கு மேல் பதில் இல்லை. நீங்கள் நினைப்பதுபோல் அது உங்கள் வீட்டுப் பிரச்சினையும் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் நான் உங்கள் பக்கம் நிற்பேன். "இனி மாத்திரை வேண்டாம், கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று அவர் ஒருநாள் சொன்னால், அன்றைக்குச் சண்டை போடுங்கள். கத்துங்கள், அழுங்கள், மருத்துவரைக் கூட்டி வாருங்கள், அவர் மதிக்கும் மதப் பெரியவர் யாரோ அவரையும் கூட்டி வாருங்கள். நம்பிக்கையின் பெயரால் மருந்தை நிறுத்துவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன், பெரியவர்களானாலும் சரி, குழந்தைகளின் விஷயத்தில் பத்து மடங்கு. அப்படிப்பட்ட கடிதங்களும் எனக்கு வருகின்றன. அவற்றைப் படித்த ராத்திரிகளில் எனக்குத் தூக்கம் வந்ததில்லை. உங்களுடையது அந்த வகைக் கடிதம் இல்லை. அதனால்தான் இவ்வளவு கோபப்பட முடிகிறது.

என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பெற்றவர்கள் எதை நம்ப வேண்டும் என்பது பிள்ளையின் பொறுப்பு அல்ல. அவர்கள் மருந்து தீர்ந்துபோகாமல் இருப்பது பிள்ளையின் பொறுப்பு. நீங்கள் முதலாவதில் நான்கு பக்கம் உழைத்திருக்கிறீர்கள். இரண்டாவதை யார் பார்க்கிறார்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

அடுத்த விடுமுறை வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே கிளம்புங்கள். போனதும் சமையலறை அலமாரியைத் திறந்து அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணுங்கள், வாங்கிய தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாட்கள் விட்டுப்போயிருந்தால் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், அது உங்கள் கணக்கில் சேர வேண்டியது. விட்டதை ஈடுகட்ட இரண்டாகப் போடச் சொல்லிவிடாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப்போய் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கி நிரப்பி, விளக்கிலிருந்து ஓர் அடி தள்ளி, மாடத்திலேயே வையுங்கள். உங்கள் கையால் வையுங்கள், அவர் பார்க்க. "தெரியாமல் எடுத்துவிட்டேன் அப்பா" என்று ஒரு வாக்கியம், அதற்கு மேல் விளக்கம் எதுவும் வேண்டாம். மறுநாள் காலை அவர் பிரார்த்தனை முடிக்கும்போது தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் நில்லுங்கள். நீங்கள் கும்பிட வேண்டியதில்லை.

அட்டையில் எத்தனை மிச்சம் இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். இந்த முறை நான்கு பக்கம் வேண்டாம், எண் மட்டும் போதும்.