அந்த விருந்தைத் தாண்டாதீர்கள்

வணக்கம். நீங்கள் பரிந்துரைத்த, ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மனின் 'ஃபேனி அண்ட் அலெக்ஸாண்டர்' படத்தை லேப்டாப்பில் பார்த்தேன். கிறிஸ்துமஸ் விருந்திலேயே இரண்டு இரவு தூங்கிவிட்டேன். சாப்பிடுகிறார்கள், பாடுகிறார்கள், கதை தொடங்கவே இல்லை. மூன்றாம் நாள் விருந்தை ஓட்டிவிட்டுப் பார்த்தேன். பிஷப் கொடுமைக்காரர் என்று புரிந்தது, மனதில் எதுவும் தைக்கவில்லை. குறை என்னிடமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குறை உங்களிடம் இல்லை. ஆனால் அந்த விருந்தை ஓட்டியிருக்கக் கூடாது.

சிவப்புத் திரைச்சீலைகள், மெழுகுவர்த்திகள், வேலைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் கைகோத்து அறை அறையாக ஆடிப்போகும் வரிசை, ஃபேனி, அலெக்ஸாண்டர் என்ற பிள்ளைகளின் அறையில் சுவரில் படம் காட்டும் மாய விளக்கு. அந்த வீட்டில் நாமும் குடியிருந்துவிடுகிறோம். அப்பா இறந்து, அம்மா எமிலி பிஷப்பை மணந்ததும், பிள்ளைகள் தங்கள் பொருள் எதுவும் இல்லாமல் அவர் வீட்டுக்குப் போகிறார்கள். வெறும் சுவர்கள். விருந்தில் இருந்தவர்களுக்குத்தான் அந்தக் குளிர் உறைக்கும். பெர்க்மனின் அப்பாவும் லூத்தரன் பாதிரியார்தான். தண்டனை பெர்க்மன் வளர்ந்த வீட்டிலேயே இருந்தது.

வீட்டில் பார்ப்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம். பெர்க்மன் இதை நினைத்ததே தொலைக்காட்சிக்காகத்தான். 1982இல் தியேட்டருக்கு வந்தது 188 நிமிட வடிவம். தொலைக்காட்சி வடிவம் 312 நிமிடம், ஐந்து அங்கங்கள். வெட்டியதில் அவருக்கே வருத்தம். இந்த முறை நீளமானதையே எடுங்கள், ஓர் இரவுக்கு ஓர் அங்கம்.

ஒரு காட்சிக்காகவே இதைச் சொல்கிறேன். அப்பா ஆஸ்கார், பிள்ளைகள் அறையில் கிடக்கும் சாதாரண நாற்காலியைக் காட்டி, இது சீனப் பேரரசியுடையது என்று கதை கட்டுகிறார். தியேட்டர் வடிவத்தில் இது கிடையாது. பின்னால் கதை கட்டியதற்காக அலெக்ஸாண்டர் பிஷப்பிடம் அடி வாங்கும்போது எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வந்தது. அப்பா கொடுத்த சொத்து அந்தக் கதை கட்டுதல் ஒன்றுதான். பிஷப் அதற்குப் பொய் என்று பெயர் வைக்கிறார்.

அப்புறம், அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஸ்வென் நிக்விஸ்ட் ஒளிப்பதிவில் இருட்டுக்கும் நிறம் உண்டு. ட்யூப்லைட் வெளிச்சத்தில் அது தெரியாது. ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. அப்பா இறந்த இரவில் எமிலியின் அலறல் கேட்டு விழித்து, கதவிடுக்கில் பார்க்கிறார்கள் இரண்டு பிள்ளைகளும். அந்த இரவு வரை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.