சீனாவின் சுவான்சோ நகரத்தைப் பார்க்க இரண்டு நாள் போதுமா? எப்போது போகலாம்?

போதும், ஆனால் அந்த இரண்டு நாளில் திங்கட்கிழமை வேண்டாம். கடல்சார் அருங்காட்சியகம் அன்று மூடியிருக்கும். அதைப் பார்க்காவிட்டால் பாதி ஊரைப் பார்க்காத மாதிரிதான். சோங், யுவான் அரச வம்சங்களின் காலத்தில் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று இந்த ஊர். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அரபு, பாரசீக, தமிழ் வணிகர்கள் விட்டுப்போன கல்வேலைகள் அருங்காட்சியகத்தில் கிடக்கின்றன. சிவன் கோயில் சிற்பங்களும் உண்டு. 1281-ல் இங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இந்த ஊரில்தான் கிடைத்தது.

கையுவான் கோயிலில் பலர் இரட்டைக் கோபுரங்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போங்கள். நம்மூர்ப் பாணியில் செதுக்கிய இரண்டு தூண்கள் அங்கே நிற்கின்றன. இடிந்த இந்துக் கோயிலிலிருந்து வந்தவை. புத்தர் கோயில் தூணில் கிருஷ்ணனைப் பார்ப்பது சின்ன விஷயமா? 1974-ல் தோண்டியெடுத்த சோங் காலக் கப்பலும் அதே வளாகத்தில்தான். 1009-ல் கட்டிய சிங்ஜிங் மசூதி நடக்கும் தூரம். லுவோயாங் கல்பாலம் ஊருக்கு வெளியே. இரண்டாம் நாள் காலை வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து நகரமான சியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் அரைமணி நேரம் சொச்சம். டிக்கெட்டில் குவாங்சோ என்று போட்டுவிடாதீர்கள், அது வேறு மாகாணம். நவம்பர் நல்ல மாதம். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் தொல்லை, அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறைக் கூட்டம். பணம் செலுத்தும் செயலியான அலிபேயை ஊரிலிருந்தே போனில் நிறுவி, கார்டை இணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.