ரெண்டர் கம்ப்யூட்டர்: கொட்டேஷனில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: நானும் என் தோழியும் ஈரோட்டில் இன்டீரியர் டிசைன் தொழில் செய்கிறோம். ஸ்கெட்ச்அப்பில் வரைந்து வி-ரேயில் ரெண்டர் (நிஜப் புகைப்படம் போன்ற படம்) எடுக்கிறோம். வாடிக்கையாளரிடம் நேரலையாகக் காட்ட என்ஸ்கேப் வைத்திருக்கிறோம். லேப்டாப் இனி தாங்காது என்று அசெம்பிள்டு கம்ப்யூட்டர் கேட்டோம். கடைக்காரர் எழுதிக் கொடுத்தது: இன்டெல் ஐ7-14700எஃப், எச்610எம் டி4 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060, 1 டிபி ஜென்4 என்விஎம்இ டிஸ்க், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினட், ஆர்ஜிபி ஃபேன்கள். "எல்லாம் ஒன்றுக்கொன்று மேட்ச், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்கிறார். வாங்கலாமா சார்?

பதில்: கண்ணைத் திறந்துகொண்டு படித்தால் இரண்டாவது பொருளிலேயே இடிக்கிறது. போர்டின் பெயரில் கடைசியாக வரும் டி4 என்பது டிடிஆர்4 ரேமைக் குறிக்கும். அடுத்து எழுதியிருப்பதோ டிடிஆர்5. இரண்டு ரேமிலும் அடியில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் ஸ்லாட்டில் இறங்காது. இன்டெலின் 12, 13, 14-ம் தலைமுறை ப்ராசஸர்கள் இரண்டு வகை ரேமோடும் வேலை செய்யும் என்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. எது பொருந்தும் என்பதைப் போர்டுதான் முடிவு செய்கிறது. கடைக்காரர் கை தவறி எழுதியிருக்கலாம். ஆனால் பணம் கட்டிய பிறகு "டிடிஆர்4 போட்டுத் தர்றேன், ரெண்டும் ஒண்ணுதான்" என்ற பேச்சில் போய் முடியவும் கூடும். இப்போதே கேட்டுவிடுங்கள்.

அது திருத்தக்கூடிய பிழை. எனக்கு அதிகம் உறுத்துவது மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஆனாலும் உங்கள் வேலைக்கு ஆகாத ஜோடி ஒன்று: அந்த ப்ராசஸரும் எச்610 போர்டும். ஐ7-14700எஃப் பெட்டியில் 65 வாட் என்று இருக்கும். முழு வேகத்தில் ஓடும்போது 219 வாட் வரை இழுக்க இன்டெல் அனுமதிக்கிறது. வி-ரே சிபியு (ப்ராசஸர்) முறையில் ரெண்டர் போட்டால் 20 கோர்களும் ஒரே நேரத்தில், நிறுத்தாமல் உழைக்கும். ப்ராசஸருக்கு மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கும் விஆர்எம் பகுதி எச்610 போர்டுகளில் சிக்கனமாகவே இருக்கும், பலவற்றில் அதன் மேல் சூட்டை உறிஞ்சும் ஹீட்சிங்க்கூட இருக்காது. சில நிமிடங்களில் அது சூடாகி, போர்டு தானாகவே ப்ராசஸரின் வேகத்தை இறக்கிவிடும். ஆட்டோகேடும் பிரவுசரும் மட்டும் ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது. டாஸ்க் மேனேஜரில் 100 சதவீதம் என்றே காட்டும் என்பதால் நீங்களும் எல்லாம் சரியாக ஓடுவதாக நினைப்பீர்கள். அதற்குக் கீழே உள்ள கிகாஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ரெண்டர் தொடங்கும்போது இருந்த எண் பத்து நிமிடம் கழித்துக் கணிசமாக இறங்கியிருந்தால், ஐ7-க்குக் காசு கொடுத்துவிட்டு ஐ5 வேகத்தில் வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதே எச்610-ல் ஜென்4 என்விஎம்இ போட்டாலும் அது ஜென்3 வேகத்தில்தான் ஓடும். பெரிய இழப்பு இல்லை, ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் பில்.

அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு. கடைக்காரர் உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, வி-ரேயை சிபியுவில் ஓட்டுகிறீர்களா ஜிபியுவில், அதாவது கிராஃபிக்ஸ் கார்டில், ஓட்டுகிறீர்களா என்பது. சிபியு என்றால் காட்சி முழுவதும் ரேமில் உட்காரும். ஜிபியு என்றால் கார்டின் சொந்த நினைவகமான விரேமில் உட்கார வேண்டும். என்ஸ்கேப் எப்போதுமே ஜிபியுதான். மரத்தின் ரேகைக்கு நீங்கள் போடும் 4கே டெக்ஸ்சர் ஹார்ட் டிஸ்கில் சில எம்பி ஜேபெக் கோப்பாகத்தான் இருக்கும். அதையே சுருக்காமல் நினைவகத்தில் விரித்தால் 4096 பெருக்கல் 4096 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட் என்று 64 எம்பி ஆகிவிடும். இப்படி 50 படங்கள் என்றால் 3 ஜிபிக்கு மேல். சோபா, திரைச்சீலை, பால்கனிச் செடி, உங்கள் மானிட்டரில் தெரியும் திரை எல்லாம் அதற்கு மேல். 8 ஜிபி ஒரு படுக்கையறைக்குப் போதும், முழு வில்லாவுக்கு மூச்சு முட்டும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ரைசன் 9 7900, விஆர்எம் மீது நல்ல ஹீட்சிங்க் உள்ள பி650 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 இரண்டு, 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 650 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ், கண்ணாடிக்குப் பதில் முன்பக்கம் மெஷ் வைத்த கேபினட். 12 கோர் கொண்ட அந்த ரைசன் 88 வாட் அளவிலேயே ஓடுவதால் நடுத்தர போர்டும் அதைச் சிரமமில்லாமல் தாங்கும். பெட்டியிலேயே கூலரும் வரும். கார்டு சர்வீஸுக்குப் போனாலும் அதன் உள் கிராஃபிக்ஸில் திரை தெரியும். இன்டெலில் பெயரின் கடைசியில் எஃப் வந்தால் அந்த வசதி கிடையாது. இன்டெல்தான் வேண்டும் என்றால் 14700எஃப் இருக்கட்டும், போர்டை டிடிஆர்5 உள்ள நல்ல பி760-க்கு மாற்றி, முதல் வேலையாக போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்யச் சொல்லுங்கள். 13, 14-ம் தலைமுறையில் வந்த நிலைத்தன்மைக் கோளாறுக்கு இன்டெல் 2024-ல்தான் திருத்தம் கொடுத்தது. பழைய ஸ்டாக் போர்டில் அது இருக்காது.

5060 டிஐ அதே பெயரில் 8 ஜிபியிலும் வருகிறது. பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடப்பதால் 64 ஜிபி கைக்கு எட்டவில்லை என்றால், இப்போதைக்கு 32 ஜிபி ஒன்று மட்டும் போட்டு, பிறகு அதே மாடலில் இன்னொன்று சேர்க்கலாம். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. 16 ஜிபி இரண்டு போட்டுவிட்டு நாளை நான்காக்கலாம் என்று மட்டும் திட்டமிட வேண்டாம். காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கேள்வி: ரைசன் 9 7950எக்ஸ் வைத்திருக்கிறேன். 32 ஜிபி டிடிஆர்5 இரண்டு, 6000 வேகத்தில் அருமையாக ஓடியது. காட்சி பெரிதானதால் அதே கம்பெனி, அதே மாடலில் இன்னும் இரண்டு வாங்கி மாட்டினேன். இப்போது ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. ரேம் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. முதலில் பொறுமையாகக் காத்திருங்கள். புது ரேமைப் பார்த்ததும் உங்கள் ரைசன் மாட்டும் ஏஎம்5 வகை போர்டு அதைச் சோதித்துப் பழகிக்கொள்ளும். 128 ஜிபி என்றால் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். நடுவில் பவரை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வெகு நேரமாகியும் வரவில்லை என்றால் பயாஸை ரீசெட் செய்து, ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பை ஆஃப் செய்துவிட்டுத் தொடங்குங்கள். 6000 என்பது ரேம் பெட்டியில் போட்ட வேகம். உங்கள் ப்ராசஸருக்கு ஏஎம்டி சொல்லும் கணக்கே வேறு: இரண்டு ரேம் என்றால் 5200, நான்கு என்றால் 3600. அதற்கு மேல் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். 3600 என்றதும் மனசு கேட்காது, எனக்குத் தெரியும். ஆனால் சிபியு ரெண்டரில் ரேம் வேகம் குறைவதால் வரும் நஷ்டம் சிறியது. ரேம் பற்றாமல் விண்டோஸ் டிஸ்கைச் சுரண்டத் தொடங்கினால் வரும் நஷ்டம் அதைவிடப் பல மடங்கு. 128 ஜிபி உண்மையிலேயே தேவை என்றால் குறைந்த வேகத்தில் நான்கையும் ஓட்டுங்கள். 96 போதும் என்றால் 48 ஜிபி இரண்டாக வரும் கிட் வாங்கிக்கொண்டு, இருப்பதை விற்றுவிடலாம். பழைய போர்டு என்றால் 48 ஜிபி ரேமை அடையாளம் காணப் புது பயாஸ் வேண்டியிருக்கும்.

கேள்வி: என்னிடம் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் இன்னொன்று கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 24 ஜிபி ஆகுமா?

பதில்: ஆகாது. ஒவ்வொரு கார்டும் காட்சியின் முழுப் பிரதியைத் தனக்குள் வைத்துக்கொள்ளும், எனவே கொள்ளளவு 12-லேயே நிற்கும். விரேமைப் பகிர உதவும் என்விலிங்க் இணைப்பு ஜிஃபோர்ஸ் வரிசையில் கடைசியாக 3090-ல் இருந்தது, 40 வரிசையில் எடுத்துவிட்டார்கள். 3060-ல் அது எப்போதுமே இல்லை. வி-ரே ஜிபியு, பிளெண்டர் சைக்கிள்ஸ் இரண்டிலும் வேகம் நன்றாகக் கூடும் என்பது உண்மைதான். லூமியன் ரெண்டர் மென்பொருளுக்கு இரண்டாவது கார்டு வெறும் அலங்காரம். இருப்பதை விற்றுவிட்டு 16 ஜிபி கார்டு ஒன்று வாங்குவதே என் யோசனை.

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தே 3டிஎஸ் மேக்ஸ் வேலை செய்கிறேன். ஐ7-13700கே, ஆர்டிஎக்ஸ் 4070, 600 விஏ யுபிஎஸ். சும்மா இருக்கும்போது கரண்ட் போனால் ஒன்றும் ஆவதில்லை. ரெண்டர் ஓடும்போது போனால் அடுத்த நொடி எல்லாம் அணைந்துவிடுகிறது. 750 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை 1000 வாட்டாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். எஸ்எம்பிஎஸ் மேல் தப்பில்லை. உங்கள் ப்ராசஸர் 253 வாட் வரையும் கார்டு 200 வாட் வரையும் இழுக்கும். போர்டு, மானிட்டர் சேர்த்தால் 500-ஐத் தாண்டும். 600 விஏ யுபிஎஸ்ஸின் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள், பெரும்பாலும் 360 வாட் என்று இருக்கும். விஏ என்பது கடையில் சொல்லும் எண், வாட் என்பதே உங்களுக்கு உதவும் எண். 900 வாட்டுக்குக் குறையாமல், சைன் வேவ் என்று போட்ட யுபிஎஸ்ஸாக வாங்குங்கள். மலிவு யுபிஎஸ் பேட்டரியில் தரும் படிக்கட்டு வடிவ மின்சாரம், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்குச் சில நேரம் ஒத்துக்கொள்ளாது.

வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்கும் எண்ணம் இருந்தால் அதன் பின்புறம் உள்ள சிறு சுவிட்சைப் பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ், ஈக்கோ என்று இரண்டு நிலை இருக்கும். ஈக்கோவில் பேட்டரிக்கு மாற நேரம் பிடிக்கும், ஃபேனும் லைட்டும் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது.

எப்போதாவது எஸ்எம்பிஎஸ் மாற்ற நேர்ந்தால் ஒரு எச்சரிக்கை. பழைய மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள்கள் உள்ளேயே இருக்கிறதே என்று புதியதில் செருகிவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் இரு மாடல்களுக்குள்ளும் மாறலாம். செருகி ஆன் செய்தால் டிஸ்கும் போர்டும் எரிந்துபோகக்கூடும்.

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். பில்லில் "கம்ப்யூட்டர் - 1" என்று ஒரே வரி. கிராஃபிக்ஸ் கார்டு கெட்டு, திரையில் கோடு விழுகிறது. கடையில் கேட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்கிறார்கள், அங்கே கார்டு வாங்கிய பில் கேட்கிறார்கள். தொழிலுக்காக வாங்கியதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாது என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: நண்பர் சொல்வது பாதிதான் சரி. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராகக் கருதாது. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. தனியாக உட்கார்ந்து ரெண்டர் எடுத்துக் கொடுப்பவர் அதற்குள் வருவார். பத்து ஊழியர்கள் உள்ள அலுவலகம் என்றால் வாதம் கடினம்.

முதலில் கடைக்காரரிடம் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணோடும் திருத்திய பில்லை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள், பதிவாக இருக்கும். கார்டின் மேல் உள்ள சீரியல் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு, அது இந்திய வாரன்டி உள்ளதா என்று கம்பெனியிடம் விசாரியுங்கள். வெளிநாட்டிலிருந்து நேராக வந்த சரக்கு என்றால் இங்கே சர்வீஸ் மறுக்கப்படலாம், அப்போது பொறுப்பு விற்றவருடையது. ப்ராசஸரும் பெட்டியில்லாத ட்ரே சரக்கா என்று பார்த்துவிடுங்கள், அதற்கும் வாரன்டிக்கு விற்றவரைத்தான் பிடிக்க வேண்டும்.

மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் முடியும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும். அதுவரை கார்டின் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.