கூட்டலைப் புரட்டினால் லீன் ஏன் முரண்டு பிடிக்கிறது?

கேள்வி: மூன்று கடைகளின் அன்றாட வசூலைக் கூட்டும் நிரலை லீன் 4 என்ற நிரூபண மென்பொருளில் சரிபார்க்கிறேன். ஆ (ஆம்பூர்), கா (காட்பாடி), கு (குடியாத்தம்) மூன்றும் இயல் எண்கள். (ஆ + கா) + கு = (கு + கா) + ஆ என்று நிரூபிக்க, கோவையை மாற்றி எழுதும் ரீரைட் கட்டளையில் 'ஆட்-காம்' என்ற பரிமாற்று விதியை (இடம் மாற்றிக் கூட்டினாலும் விடை அதே) கொடுத்தேன். நான் நினைத்த இடத்தை விட்டு வேறெங்கோ புரட்டியது. மறுபடி கொடுத்தால் பழையபடியே ஆகிவிட்டது. என்ன செய்வது?
– பொறியியல் மாணவி, காட்பாடி

பதில்: வெறும் 'ஆட்-காம்' என்றால் லீனுக்கு அது 'ஏதோ + ஏதோ'. ரீரைட் வெளியிலிருந்து உள்ளே தேடும்; முதலில் சிக்குவது இடப்பக்கத்தின் வெளிக்கூட்டல். அது கு + (ஆ + கா) ஆகிறது. மறுபடி கொடுத்தால் சிக்குவதும் அதேதான், திரும்பிவிடுகிறது. 'ஆட்-காம் ஆ கா' என்று உறுப்புகளைச் சொல்லிக் கொடுங்கள், சொன்ன இடத்தில் மட்டும் மாற்றும்.

'இதைப் போய் நானா சொல்லிக்கொண்டிருப்பது?' என்பீர்கள். நியாயம்தான். கோவையைத் தானாகச் சுருக்கும் சிம்ப் கட்டளையிடம் விடலாம். பரிமாற்று விதி முடிவில்லாமல் சுற்றுமே என்ற பயம் வேண்டாம். மாற்றியபின் வரும் கோவை தன் உள்வரிசைப்படி சிறியதானால்தான் சிம்ப் அதை ஏற்கும். இசபெல் என்ற இன்னொரு நிரூபண மென்பொருளும் இப்படித்தான். ஆனால் பரிமாற்று, சேர்ப்பு விதிகளோடு 'ஆட்-லெஃப்ட்-காம்' என்ற மூன்றாவதையும் சேர்த்துக் கொடுங்கள். சேர்ப்பு விதி எல்லாவற்றையும் ஆ + (கா + கு) என வலப்பக்கம் சாய்த்துவிடும். அதன்பின் பரிமாற்று விதியால் கடைசி இரண்டைத்தான் நேரடியாக இடம் மாற்ற முடியும். முன்னாலிருக்கும் ஆ, கா இரண்டையும் மாற்ற இந்த மூன்றாவது வேண்டும். பக்கத்து உறுப்புகளை மாற்றி மாற்றி வரிசைப்படுத்தும் பபிள் சார்ட் எழுதியவருக்கு இது பிடிபட்டுவிடும்.

உங்கள் சமன்பாட்டுக்கு இவ்வளவுகூட வேண்டாம். சேர்ப்பு, பரிமாற்று இரண்டையும் தானே பயன்படுத்தும் 'ஏசி-ரெஃப்ல்' ஒரே வரியில் முடிக்கும்.

உண்மையான தலைவலி அடுத்த கட்டத்தில் வரும். ஆ + கு = மொ என்று கையில் ஒரு கருதுகோள், இலக்கிலோ ஆ + கா + கு. ஆவும் குவும் பக்கத்தில் இல்லாததால் ரீரைட் 'அப்படி எதுவும் இல்லை' என்று கைவிரிக்கும். ஏசி-ரெஃப்ல் கருதுகோளைத் தொடாது. நான் செய்வது இது: ஆ + கா + கு = (ஆ + கு) + கா என்று ஹேவ் (இடைக்கூற்று) போட்டு, அதை ஏசி-ரெஃப்லால் நிரூபித்து, முதலில் அதையும் பிறகு கருதுகோளையும் ரீரைட்டில் கொடுப்பேன். ராக் (பழைய பெயர் காக்) என்ற நிரூபண மென்பொருள் பக்கம் இதற்கென்றே 'ஏஏசி-ரீரைட்' உண்டு. ஆனால் வரிசை பாராமல் பொருத்தம் தேடுவது பொதுவாக என்பி-கம்ப்ளீட் வகைக் கணக்கு (அளவு பெருகினால் வேகமாகத் தீர்க்க வழி தெரியாதது). வேண்டிய வடிவத்தை நீங்களே எழுதிவிடுவதுதான் நிரூபணத்தைப் பிறகு படிப்பவருக்கும் நல்லது. வெறும் இயல் எண் கூட்டல்தான் என்றால் 'ஒமேகா' கட்டளை கருதுகோளையும் சேர்த்தே பார்த்து முடித்துவிடும். பெருக்கலும் கலந்திருந்தால் மேத்லிப் என்ற கணித நூலகத்தின் 'ரிங்'. அதுவும் கருதுகோளைப் பார்க்காது.

இரண்டு கடைகளின் கணக்கை இணைக்கும் செயற்குறி போல நீங்களே வரையறுத்தது என்றால், சேர்ப்பு, பரிமாற்று இரண்டையும் ஒருமுறை நிரூபித்து அசோசியேட்டிவ், கம்யூட்டேட்டிவ் இன்ஸ்டன்ஸாகப் (லீன் தானே எடுத்துக்கொள்ளும் பதிவாக) பதியுங்கள். அதன்பின் ஏசி-ரெஃப்ல் அதற்கும் வேலை செய்யும்.

வசூலில் தள்ளுபடி கழிக்கும் வரிகளில் மட்டும் சேர்ப்பு, பரிமாற்று விதிகளை முயலாதீர்கள்: (5 − 3) − 1 என்பது 1, 5 − (3 − 1) என்பது 3. இயல் எண்ணில் 3 − 5 என்பதை லீன் 0 என்றே எடுத்துக்கொள்ளும் என்பதால், அந்த வரிகளை முழு எண்ணுக்கு மாற்றிவிட்டே தொடங்குங்கள்.